ஹைபிரிட் லாரி உங்க ரூட்டுக்கு செட் ஆகுமா? வாங்கறதுக்கு முன்னாடி நீங்களே கணக்கு போட்டு பாக்கறது எப்படி

தொப்பூர் கணவாய் தெரியாத லாரிக்காரங்க நம்ம பக்கம் யாரும் இருக்க மாட்டாங்க. தர்மபுரில இருந்து சேலம் பக்கம் இறங்கற அந்த ரோட்டுல முழு லோடோட ஒரு டிரெய்லர் இறங்கி வந்து கீழ ஓரம் கட்டி நிக்கறப்ப, பின்னாடி டயர்கிட்ட போய் ஒரு நிமிஷம் நின்னு பாருங்க, பிரேக் லைனிங் கருகின வாடை மூக்கை அடைக்கும், டிரம் பக்கத்துல கையை கொண்டு போனாலே அனல் அடிக்கும். நாமக்கல்ல எங்க வண்டியில ரொம்ப வருஷம் ஓடுன டிரைவர் அண்ணன் ஒருத்தர் எங்கிட்ட சொன்னாரு, "தம்பி, வண்டியை இழுக்க மட்டும் டீசல் ஊத்துறோம்னு நினைக்காத, நிறுத்தறதுக்கும் சேத்துதான் ஊத்துறோம்"னு. ஹைபிரிட் பத்தி நான் இதுவரைக்கும் படிச்சது எல்லாத்தையும் விட இந்த ஒரு பேச்சுதான் விஷயத்தை சரியா சொல்லுது.

ஏன்னா ஹைபிரிட்ல, அதாவது டீசல் எஞ்சினோட ஒரு கரண்ட் மோட்டாரும் பேட்டரியும் சேந்த வண்டில, மிச்சமாகற டீசல் பெரும்பாலும் எஞ்சின்ல இருந்து வர்றது இல்ல, பிரேக் டிரம்ல சூடா போய் வீணாகறதுல இருந்துதான் வருது. மோட்டார் ஜெனரேட்டரா மாறி அந்த வேகத்தை கரண்டா பிடிச்சு பேட்டரில வச்சு, அடுத்த தடவை வண்டி கிளம்பறப்ப திருப்பி குடுக்குது. அதனால ஹைபிரிட் நல்லதா கெட்டதான்னு பொதுவா கேக்கறதுல அர்த்தமே இல்லைங்க, உங்க வண்டி ஒரு நாளைக்கு எவ்வளவு பிரேக் சூடு போடுது, அதான் கேள்வி. அதை ஒரு வாரம் நோட்டு எழுதி நீங்களே கண்டுபிடிக்கலாம்.

அதுக்கு முன்னாடி கார்பன் கணக்கு. 1 லிட்டர் டீசல் எரிஞ்சா சுமாரா 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருது. 830 கிராம் எடை இருக்க டீசல்ல இருந்து எப்படி 2.7 கிலோ வரும்னு கேப்பாங்க, டீசல்ல இருக்க கார்பன் காத்துல இருக்க ஆக்சிஜனோட சேருது, அந்த எடையும் கூட வருது. லிட்டருக்கு 3 கிலோமீட்டர் குடுக்கற டிரெய்லர் வருஷத்துக்கு 1 லட்சம் கிலோமீட்டர் ஓடுனா 33,000 லிட்டர், அதாவது 90 டன் கார்பன் டை ஆக்சைடு (இனிமே சுருக்கமா கார்பன்னே சொல்றேன்), ஒரே வண்டி. நிதி ஆயோக் 2022ல வெளியிட்ட ரிப்போர்ட்டுல நம்ம நாட்டு மொத்த வண்டில லாரி 3 சதவீதம்தான், ஆனா ரோட்டு போக்குவரத்து கார்பன்ல மூணுல ஒரு பங்கு லாரியில இருந்து வருதுன்னு போட்டிருந்தாங்க. படிச்சப்ப எனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சு, நம்ம ஊரே இந்த தொழில்ல சாப்பிடற ஊரு, அப்ப இதுல நம்மளால ஆனதை நாமதான செய்யணும்.

சரி, எத்தனை வகை இருக்குன்னு சுருக்கமா பாத்துடலாம். பேரலல்னா கிளட்ச்சுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல ஒரு மோட்டார் உக்காந்திருக்கும், எஞ்சினும் இழுக்கும் மோட்டாரும் இழுக்கும், பெரிய லாரில அதிகமா வந்தது இதுதான். சீரிஸ்னா எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நேரடி சம்பந்தமே கிடையாது, எஞ்சின் ஜெனரேட்டரை சுத்தும், மோட்டார் சக்கரத்தை சுத்தும், ரயில் டீசல் எஞ்சின் மாதிரி, கூட ஒரு பேட்டரி. கனடால ஒரு சின்ன கம்பெனி மரம் ஏத்தற லாரியை இந்த முறைலதான் கட்டிட்டு இருக்காங்க. 48 வோல்ட் மைல்டு ஹைபிரிட் ஒண்ணு இருக்கு, அது காருக்கு சரி, 40 டன் வண்டிக்கு அதால பெருசா ஒண்ணும் பிடிக்க முடியாது. ப்ளக்-இன்னா வெளில இருந்தும் சார்ஜ் போடலாம், டவுனுக்குள்ள கொஞ்ச தூரம் எஞ்சினே இல்லாம ஓடும். இது இல்லாம பேட்டரிக்கு பதிலா ஆயிலையும் நைட்ரஜன் டேங்க்கையும் வச்சு பிரேக் சக்தியை அழுத்தமா சேத்து வைக்கற ஹைட்ராலிக் ஹைபிரிட்டும் உண்டு, அமெரிக்கால குப்பை லாரிகள்ல வந்துச்சு.

இப்ப நோட்டு வேலைக்கு வருவோம். வழக்கமா ஓடற ரூட்டுல ஒரு வண்டியை எடுத்துக்கங்க, ஒரு வாரம் ஓட்டுங்க. டிரைவர்கிட்ட அபராதம் போடறதுக்கு இல்ல கணக்குக்குன்னு முதல்லயே தெளிவா சொல்லிடுங்க, இல்லன்னா நோட்டு பொய் சொல்லும். எழுத வேண்டியது, முழுசா நின்ன பிரேக் எத்தனை, ஒவ்வொண்ணும் சுமாரா எந்த ஸ்பீடுல இருந்து, எஞ்சின் ஓடிட்டே நின்ன நேரம் எவ்வளவு, பெரிய இறக்கம் உயரத்துல எத்தனை மீட்டர், அப்ப லோடா காலியா. ஜிபிஎஸ் மாட்டியிருந்தா நின்ன நேரமும் பிரேக்கும் பாதிக்கு மேல அந்த ரிப்போர்ட்லயே வந்துடும். உயரம் பாக்க போன்ல ஆல்டிமீட்டர் ஆப் போதும், மேல ஒரு தடவை கீழ ஒரு தடவை பாத்து கழிச்சுக்கங்க.

எழுதினதை யூனிட்டா மாத்தணும், அதாங்க வீட்டு கரண்டு பில்லுல வர்ற அதே யூனிட். ஒரு தடவை வண்டி நிக்கறப்ப வீணாகறது எவ்வளவுன்னா, மொத்த எடையை டன்ல போட்டு, ஸ்பீடை ஸ்பீடாலயே பெருக்கி, ரெண்டையும் பெருக்கி 93,000ஆல வகுங்க. 40 டன் வண்டி 60ல இருந்து நின்னா 40 × 3600 ÷ 93,000, ஒண்ணரை யூனிட்டுக்கு கொஞ்சம் மேல. இறக்கத்துக்கு இன்னும் சுலபம், டன்னை மீட்டரால பெருக்கி 367ஆல வகுங்க. அதே 40 டன் 100 மீட்டர் இறங்குனா கிட்டத்தட்ட 11 யூனிட், சில வீட்டுல ரெண்டு நாளைக்கு வரும். இதுல எல்லாமே கைக்கு வராது, காத்து கொஞ்சம் தின்னும், டயர் கொஞ்சம், மோட்டார்லயும் பேட்டரிலயும் போறப்ப கொஞ்சம் வர்றப்ப கொஞ்சம் போகும், அதனால பாதின்னு வச்சுக்கங்க, அதுக்கு மேல ஆசைப்படாதீங்க. அப்புறம் கைக்கு வந்த யூனிட்டை 4ஆல வகுத்தா லிட்டர், ஏன்னா ஒரு நல்ல டீசல் எஞ்சின் ஒரு லிட்டருக்கு சுமாரா 4 யூனிட் வேலைதான் செய்யுது, மிச்சம் சைலன்சர் ரேடியேட்டர் வழியா சூடா போகுது. லிட்டரை 2.7ஆல பெருக்குனா கார்பன் கிலோ.

ரெண்டு வண்டிக்கு போட்டு பாப்போம். முதல்ல டவுனுக்குள்ள ஓடற குப்பை காம்பாக்டர். காலைல காலியா கிளம்பி நிரம்பி வர்றதால சராசரி 13 டன்னு வைங்க, ஒரு நாளைக்கு 300 தடவை 25 ஸ்பீடுல இருந்து நிக்குது. ஒரு தடவைக்கு 0.087 யூனிட், பாதி கைக்கு வந்தா 300 தடவைக்கு 13 யூனிட், 3 லிட்டர் சொச்சம். பெரிய விஷயம் இதுக்கு அப்புறம்தான். தொட்டி தூக்கறதுக்கும் குப்பையை அழுத்தறதுக்கும் எஞ்சின் நின்ன இடத்துல உறுமிட்டே கிடக்கும் பாருங்க, அந்த வேலையை பேட்டரில இருந்து ஒரு மோட்டார் பண்ணுனா எஞ்சினை அணைச்சுடலாம், அதுல ஒரு 5 லிட்டர் மிச்சமாகலாம். மொத்தம் 8 லிட்டர், ஒரு நாளைக்கு 35 லிட்டர் குடிக்கற வண்டில. கிட்டத்தட்ட 23 சதவீதம், 300 நாளைக்கு 6 டன்னுக்கு மேல கார்பன் குறையுது, அதுவும் விடிகாலைல தெருவுல தூங்கற மக்க காதுகிட்ட சத்தமும் குறையுது. வோல்வோ 2011ல எஃப்இ ஹைபிரிட்னு ஒரு பேரலல் வண்டி விட்டப்ப டெலிவரி வேலைக்கு 15ல இருந்து 20 சதவீதம், குப்பை வண்டில அழுத்தற மெஷினும் கரண்டுல ஓடுனா 30 சதவீதம் வரைக்கும்னு சொன்னாங்க, நம்ம நோட்டு கணக்கும் அதுக்கு பக்கத்துலதான் வருது.

ரெண்டாவது ஹைவேல போற 40 டன் டிரெய்லர். நாளைக்கு 400 கிலோமீட்டர், 133 லிட்டர். 60ல இருந்து நிக்கறது 25 தடவை, பாதி கைக்கு வந்தா 19 யூனிட், 5 லிட்டர் கூட இல்ல. வழில ஒரு 200 மீட்டர் இறக்கம் இருக்குன்னு வைங்க, கணக்குப்படி 22 யூனிட் வரணும் பாதின்னா 11, ஆனா வண்டில இருக்க பேட்டரில 5 யூனிட்தான் இடம்னா நடு இறக்கத்துலயே ரொம்பிடும், மிச்சம் பழையபடி டிரம்லதான் போகும். ஆக 6 லிட்டர், நாலரை சதவீதம். அதோட கதை முடியல, மோட்டார் பேட்டரி கன்ட்ரோலர் எல்லாம் சேந்து ஒரு 700 கிலோன்னா அந்த 700 கிலோ லோடு குறையும், 27 டன் ஏத்தற வண்டில அது ரெண்டரை சதவீதம். அதே சரக்கை கொண்டு போக அவ்வளவு நடை கூட போகணும். டன் ஒண்ணுக்கு எவ்வளவு கார்பன்னு பாத்தா கைல நிக்கறது 2 சதவீதம்தான். இதுக்கு லட்சக்கணக்குல போடறதுக்கு பதிலா நல்ல ரேடியல் டயர், தினம் காத்து செக் பண்றது, கேபின் மேல காத்தை ஒதுக்கற தடுப்பு, ஸ்பீடு லிமிட், இதை பண்ணுங்க, அதுலயே அதுக்கு மேல கிடைக்கும்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

அப்ப ஹைவேக்கு ஹைபிரிட்டே வேணாமான்னா அப்படியும் இல்ல, மலை ரோடு வேற கதை. ஜப்பான்ல ஹினோ 2019ல புரோபியா ஹைபிரிட்னு பெரிய லாரியே விட்டாங்க, அதுல ரோட்டு மேப்பை வச்சு 100 கிலோமீட்டர் முன்னாடி ஏத்தம் இறக்கம் எங்க வருதுன்னு வண்டியே கணிச்சு, பெரிய இறக்கம் வர்றதுக்குள்ள பேட்டரியை செலவு பண்ணி இடம் காலி பண்ணி வச்சுக்கும். நடு இறக்கத்துலயே பேட்டரி ரொம்பிடுதுன்னு மேல பாத்தோம்ல, அதுக்கான மருந்து இதுதான். அவங்க சொன்னது 15 சதவீதம் வரைக்கும் மிச்சம்னு. நம்ம ஊர்ல கொல்லிமலை இருக்கு, 70 கொண்டை ஊசி வளைவு, மேல போறப்ப பல வண்டிங்க காலி, கீழ வர்றப்ப பலாப்பழமும் அன்னாசியும் மரவள்ளியும் ரொம்பி வருது. மொத்தம் 10 டன் வண்டி ஆயிரம் மீட்டர் கிட்ட இறங்குனா 27 யூனிட், அதுல நிறைய இப்ப லைனிங்கை கருக்கிட்டு போகுது. சுவிட்சர்லாந்துல பியேல் பக்கத்துல ஒரு குவாரில மேல இருந்து 65 டன் கல்லை ஏத்திட்டு இறங்கி காலியா திரும்ப ஏறற ஒரு பேட்டரி டம்பர் ஓடுது, இறங்கறப்பவே ஏறறதுக்கான கரண்டை சம்பாதிச்சுக்குது. லோடு எந்த பக்கம் இறங்குதுன்னு பாருங்க, உங்க பிசினஸ்ல கீழ் நோக்கி லோடுன்னா கணக்கு உங்க பக்கம்.

கணக்கு நல்லா வந்துச்சுன்னா அடுத்து மோட்டார் சைஸ். இதை யாரும் சேல்ஸ்ல சொல்ல மாட்டாங்க, நீங்க கேக்கணும். 40 டன் வண்டியை 60ல இருந்து 15 செகண்டுல நிறுத்துனா அந்த சக்தி சராசரி 370 கிலோவாட் வேகத்துல வருது, மோட்டார் 120 கிலோவாட்தான்னா மூணுல ஒரு பங்கைத்தான் பிடிக்கும், மிச்சம் டிரம்முக்கு. அதே வண்டியை 40 செகண்டு எடுத்து மெதுவா நிறுத்துனா 139 கிலோவாட்தான், கிட்டத்தட்ட எல்லாத்தையும் மோட்டாரே வாங்கிக்கும். அதனால ஹைபிரிட் வண்டில பாதி மிச்சம் டிரைவர் கால்ல இருக்குன்னு நான் சொல்லுவேன். சிக்னல் தூரத்துல செகப்பா தெரியறப்பவே ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு பிரேக்கை லேசா வச்சு வரணும், கிட்ட போய் ஓங்கி மிதிச்சா ஹைபிரிட்டும் சாதா வண்டியும் ஒண்ணுதான். மிச்சமாகற டீசல்ல டிரைவருக்கு ஒரு பங்கு குடுங்க, மாசா மாசம் குடுங்க, இதை நான் கெஞ்சியே கேக்கறேன், அவரு கால் வேலை செஞ்சாத்தான் நீங்க போட்ட காசு திரும்பும்.

நியூட்ரல் விஷயம் இங்கயே சொல்லிடறேன். இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்னு இன்னும் நிறைய பேரு நம்பறாங்க. இப்ப வர்ற காமன் ரயில் எஞ்சின்ல கியர்ல இருக்கறப்பவே ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா இன்ஜெக்டர் டீசலையே நிறுத்திடும், நியூட்ரல்ல விட்டாத்தான் ஐடில் ஓட டீசல் குடிக்கும், எஞ்சின் பிரேக்கும் போயிடும். ஹைபிரிட்ல பல வண்டில நியூட்ரல் போட்டா மோட்டாரும் சக்கரத்தை விட்டு கழண்டுக்கும், ஒரு யூனிட் கூட பிடிக்காது. தொப்பூர்ல எத்தனை குடும்பம் இந்த பழக்கத்தால அழுதிருக்குன்னு நமக்கு தெரியும், தயவு செஞ்சு யாரும் பண்ணாதீங்க.

வண்டியை பாக்க போறப்ப கேக்க வேண்டியது சிலது இருக்கு. எஞ்சின் அணைஞ்சப்ப ஏர் கம்ப்ரசர் எதுல ஓடும்? பவர் ஸ்டியரிங்? கேபின் ஏசி? இதெல்லாம் இன்னும் எஞ்சின் பெல்ட்டுலயே இருந்தா ஏர் டேங்க்ல அழுத்தம் இறங்கறப்பலாம் எஞ்சின் திரும்ப ஸ்டார்ட் ஆகும், சிக்னல்ல அணைச்சு மிச்சம் பண்றோம்னு சொல்றதெல்லாம் பேச்சோட போயிடும். மூணுமே தனி மோட்டார்ல இருக்கணும். பேட்டரிக்கு கூலிங் என்னன்னு கேளுங்க, நம்ம ஊரு சித்திரை வெயில்ல தார் ரோட்டுக்கு மேல தொங்கற பேட்டரிக்கு வெறும் காத்து கூலிங் போதாது, லிக்விட் கூலிங் இருக்கட்டும். ஹைபிரிட் பேட்டரி சின்னது, ஆனா நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறி இறங்கும், அதனால அதை முழுசா ரொப்பாம முழுசா காலி பண்ணாம நடுவுலயே வச்சு ஓட்டுவாங்க, 10 யூனிட் பேட்டரின்னு சொன்னா நிஜமா உபயோகமாகறது எத்தனைன்னு கேட்டு அந்த நம்பரை நம்ம கணக்குல போடுங்க. சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கற ஏபிஎஸ் வேலை செய்யறப்ப மோட்டார் பிரேக் தானா விலகணும், மழைல காலி வண்டியோட ஒரு டெஸ்ட் டிரைவ் கேளுங்க.

இப்போதைக்கு ஷோரூம்ல போய் ஒரு ஹைபிரிட் டாரஸ் (பல சக்கர பெரிய லாரி) குடுங்கன்னு கேட்டா எடுத்து குடுக்கற நிலைமை நம்ம ஊர்ல இல்ல, பெரிய கம்பெனிங்க எலக்ட்ரிக் பக்கமும் கேஸ் பக்கமும் போயிட்டு இருக்காங்க, மத்திய அரசு 2025 ஜூலைல இ-டிரக்குக்கு 9.6 லட்சம் வரைக்கும் மானியம் அறிவிச்சதும் முழு பேட்டரி வண்டிக்குத்தான். அதனால கிட் மாட்டறேன்னு வர்றவங்க வருவாங்க. அப்ப ஒண்ணு மட்டும் பாருங்க, பழைய வண்டில ஹைபிரிட் கிட் மாட்டறதுக்கு ஏஐஎஸ் 123னு ஒரு ஸ்டாண்டர்டு இருக்கு, மூணரை டன்னுக்கு மேல இருக்க வண்டிக்கு அதுல தனி பாகமே இருக்கு. புனே ஏஆர்ஏஐ மாதிரி டெஸ்டிங் சென்டர்ல அப்ரூவல் வாங்குன கிட்டா, அந்த சர்டிபிகேட்ல உங்க வண்டி மாடல் இருக்கா, ஆர்சில ஏத்தி தருவாங்களா, இன்சூரன்ஸ் கம்பெனி எழுத்துல ஒத்துக்குதா. இதுல ஒண்ணு இல்லன்னாலும் வேணாம்னு சொல்லிடுங்க. நம்ம பட்டறைல பாடி கட்டற கை தங்கக் கை, அதுல எனக்கு எந்த சந்தேகமும் கிடையாது, ஆனா 600 வோல்ட் டிசி கரண்டு 24 வோல்ட் பேட்டரி மாதிரி மன்னிக்காது.

மாட்டியாச்சுன்னா பட்டறைல இருக்க எல்லாருக்கும், கழுவற பையன் வரைக்கும், அந்த ஹை வோல்டேஜ் கரண்டு போற ஆரஞ்சு கலர் கேபிளை தொடக்கூடாதுன்னு சொல்லி குடுங்க. பேட்டரி கரண்டை துண்டிக்கற சர்வீஸ் ப்ளக்கை கழட்டி, கன்ட்ரோலர்ல தேங்கி நிக்கற கரண்டு இறங்கற வரைக்கும் கம்பெனி சொன்ன நேரம் காத்திருந்து, மீட்டர் வச்சு பாத்ததுக்கு அப்புறம்தான் யாரும் கை வைக்கணும். வாட்டர் சர்வீஸ்ல கனெக்டர் மேல பிரஷர் தண்ணி அடிக்க கூடாது. லைனிங் இப்ப ரொம்ப நாள் வரும், அதுக்காக டிரம்மை கழட்டியே பாக்காம விட்ராதீங்க, சூடே ஏறாத டிரம்ல துரு பிடிக்கும், லைனிங் முகம் பளபளன்னு ஆயிடும், அவசரத்துக்கு மிதிச்சா பிடிக்காது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை கழட்டுங்க. அந்த பழைய நோட்டை பத்திரமா வைங்க, ஆறு மாசம் கழிச்சு அதே டிரைவர், அதே ரூட், அதே லோடுல திரும்ப ஒரு வாரம் எழுத சொல்லுங்க, டேங்க்கை வாய் வரைக்கும் ரொப்பி ஆரம்பிச்சு வாய் வரைக்கும் ரொப்பி முடிங்க, டேஷ்போர்டுல காட்டற மைலேஜை எழுதாதீங்க.